நிமிர்ந்து நின்ற கடல்

கழிமுனையில் கண்ணாடி செட் முதன்முதலாக வாசித்த சாயங்காலம் கடல் நாற்பது தப்படி பின்னால் போனது. மாதா கோயில் கொடியேற்றத்துக்கு மறுநாள், வெயில் தாழ்ந்து நாலரை மணி இருக்கும், மூன்றாவது பாட்டு முடிகிற நேரத்தில், வலை காயப்போட்டிருந்த பக்கமிருந்து யாரோ "ஏ, கடல் போவுது" என்று, பஸ் போகிறது என்று சொல்வதுபோலச் சொன்னார்கள். நாங்களும் திரும்பிப் பார்த்துவிட்டு, போகட்டும், பாட்டு முடியட்டும் என்று மறுபடி மேடையைப் பார்த்தோம், ஏனென்றால் அப்போது லீனஸ் மோத்தா கிதாரோடு இடுப்புயரம் எழும்பி, காற்றிலேயே காலை மடக்கி, இன்னும் கீழே வந்து சேராமல் இருந்தான்.

லீனஸ் கொழும்பில் ஆறு வருஷம் இசைத்தட்டுக் கடையில் நின்றவன். அங்கே இனி இருக்க முடியாது என்று ஆனபோது, ஒரு தகரப் பெட்டி நிறைய இசைத்தட்டும், பதினாலு கண்ணாடி பூட்டிய ஒரு லாம்பரட்டா ஸ்கூட்டரும், உடம்போடு ஒட்டின மூணு பொத்தான் கோட்டும், விரல் அகலத்துக்கு ஒரு கழுத்துப்பட்டியுமாக ஊர் வந்து இறங்கினான். கோட்டின் முதுகில் துப்பாக்கி சுடப் பழகுகிற பலகைபோல வட்டத்துக்குள் வட்டம் தைத்திருந்தது. ஊர்த்தலைவர் ரொசாரியோ அவனைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இது என்ன வேஷம்லே?" என்றார்.

"மோட், மாமா."

"மாடா?"

"மாடு இல்ல மாமா, மோட். லண்டன்ல ஒரு காலத்துல பயலுவ இப்படித்தான் உடுத்திட்டு ஸ்கூட்டர்ல போவானுவளாம். துணி கச்சிதமா இருக்கணும், பாட்டு வேகமா இருக்கணும். அவ்வளவுதான் சங்கதி."

கொழும்பு ஓட்டல் ஒன்றில் அந்த மாதிரி ஒரு செட் வாசிப்பதைச் சமையல்கட்டு வாசலில் நின்று கேட்டதிலிருந்து அவனுக்கு வேறு எதுவும் காதில் ஏறவில்லை. ஊரில் தனக்கு இரண்டு பேரைத் தேடினான். தபாலாபீஸ் குமாஸ்தா பெர்க்மான்ஸ், கோயில் பாடல் குழுவில் யாருக்கும் கேட்காதபடி கிதார் வாசித்துக்கொண்டிருந்த கூச்சக்காரர். அவருக்கு நாலு தடித்த கம்பி போட்ட பேஸ் கிதாரைக் கொடுத்தான். மேளத்துக்கு ஆள் கிடைக்காமல் அலைந்தவன், ஒருநாள் ஐஸ் கம்பெனி வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அப்படியே நின்றுவிட்டான். உள்ளே பிலோமி கொரைரா மரச்சுத்தியலால் ஐஸ் பாரை உடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு பாருக்குப் பதினாறு அடி. பதினாறும் ஒரே அளவு இடைவெளி. பதினாறாவது அடியில் பார் பொலபொலவென்று உதிரும். "எக்கா, இதையே தோல்ல அடிப்பியளா?" என்று கேட்டான். சங்கு குளிக்கப் போகிற கனிசியூஸின் பெண்டாட்டி அவள். பொம்பளை டிரம்ஸ் அடிப்பதா என்று ஊர் பத்து நாள் பேசியது. பதினோராவது நாள் அவள் அடித்ததைக் கேட்டது, பேச்சை நிறுத்திவிட்டது.

"தி மிரர்ஸ்" என்று அவன் வைத்த பேர் எங்கள் வாயில் நிற்கவில்லை. ஸ்கூட்டரை வைத்துக் கண்ணாடி செட் என்றோம்.

அந்த முதல் சாயங்காலம் வாசிப்பு முடிந்தபிறகுதான் எங்களுக்கு உயிரில் பயம் ஏறியது. உள்வாங்கின கடல் திரும்பி வரும், வரும்போது தனியாக வராது என்பது இந்தக் கரையில் பிறந்த எவருக்கும் தெரியும். பிள்ளைகளை இடுப்பிலும் கிழவர்களை முதுகிலும் தூக்கிக்கொண்டு கழிக்கு அப்பால் பனங்காட்டு மேட்டுக்கு ஓடினோம், விடியும்வரை செபமாலை சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அது வரவில்லை. காலையில் கனிசியூஸ் மட்டும் ஈர மணலில் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

"அது எங்கயும் போவல. நிக்கி," என்றான்.

"நிக்கின்னா?"

"நிமிந்து நிக்கி. வரப்பு வெட்டிவிட்ட மாரி. கரண்டைக்கால் உசரம் இருக்கும். அலை இல்ல. கையை உள்ள விட்டா தண்ணி, வெளிய எடுத்தா காத்து."

கழிமுனைக்கு இடம் கிடையாது என்பதைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நாங்கள் அதற்குப் பிறகு செய்தது புரியாது. மேற்கே உப்புக்கழி, கிழக்கே கடல், நடுவில் கயிறு கிடந்த மாதிரி ஒரு துண்டு மண், அதில் நூற்றெண்பது குடும்பம். அண்ணனும் தம்பியும் ஒரே அறையில் நடுவே சேலையைக் கட்டி இந்தப் பக்கம் ஒரு குடும்பம் அந்தப் பக்கம் ஒரு குடும்பம் என்று வாழ்ந்தார்கள். செத்தவனைப் புதைக்க முந்தினவன் எலும்பு மக்கட்டும் என்று காத்திருந்தோம். அப்படிப்பட்ட ஊருக்கு முன்னால் நாற்பது தப்படி மண் வெறுமனே கிடந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கண்ணாடி செட் மறுபடி வாசித்தது. கடல் இன்னும் இருபது தப்படி போனது. அதற்கடுத்த ஞாயிறு இன்னும் இருபது. எட்டாவது ஞாயிறு ரொசாரியோ தலைவர் அந்த மண்ணில் நாலு மூலைக்கு நாலு கல் நட்டார்.

தாலுகாவிலிருந்து சர்வேயர் சங்கிலியோடு வந்தார், அளந்தார், காகிதத்தை விரித்துப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். "ரெக்கார்டுல இது கடல். கடலுக்குப் பட்டா கிடையாது. கடல்ல வீடு கட்டாதீங்கன்னு சட்டமும் கிடையாது," என்று சொல்லி, இளநீர் குடித்துவிட்டுப் போனார். ஒரு வருஷத்துக்குள் அறுபத்திரண்டு வீடு எழும்பியது. தெருக்களுக்கு லீனஸின் பாட்டுப் பேரையே வைத்தோம்: பிரேக் இல்லாத் தெரு, ஏழு கண்ணாடித் தெரு, கடலை ஒட்டிக் கடைசியாக, நில்லாதே தெரு. சேலைத் திரையை அவிழ்த்து மறுபடி சேலையாகக் கட்டிக்கொண்டார்கள் எங்கள் பெண்கள். வாலிபர்கள் ஒட்டின கால்சட்டையும் சின்னக் கழுத்துப்பட்டியுமாக வலை இழுத்தார்கள். தூரத்து ஊர்களிலிருந்து வேன் பிடித்துக் கண்ணாடி செட்டைப் பார்க்க வந்தார்கள். பார்க்கத்தான் வேண்டும் அதை. லீனஸ் கையை ராட்டினம்போலச் சுழற்றிக் கம்பியில் அடிப்பான், அடித்த வேகத்தில் விரல் கிழிந்து கோட்டுக் கையில் ரத்தம் தெறிக்கும், அதைத் துடைக்காமலே அடுத்த பாட்டுக்குத் தாவுவான். பெர்க்மான்ஸ் கண்ணை மூடி ஒரே இடத்தில் தந்திக்கம்பம்போல நின்று நெஞ்செலும்பில் கேட்கிற மாதிரி ஒரு சத்தம் போடுவார். பிலோமி பின்னால் உட்கார்ந்து, உலகத்திலுள்ள ஐஸையெல்லாம் உடைத்துத் தீர்க்கவேண்டும் என்பதுபோல அடிப்பாள்.

ஒவ்வொரு வாசிப்புக்கும் கடல் பின்னால் போனது. ஒவ்வொரு தடவையும் நாலு விரல் வளர்ந்தது. கரண்டை முழங்காலாகி, முழங்கால் இடுப்பாகி, இடுப்பு கழுத்தாகி, நில்லாதே தெரு கட்டி முடிக்கும்போது அது இரண்டாள் உயரம் நின்றது. அலை இல்லை, இரைச்சல் இல்லை. உள்ளே மீன்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் போவதுபோலப் போயின. எங்கள் ஆட்கள் அதன் முன்னால் நின்று தோள்வரை கையை விட்டுப் பாறை மீனைப் பிடித்தார்கள், பிடித்துவிட்டு முதுகைக் காட்டாமல் பின்னடியாகவே நடந்து வந்தார்கள். அதைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது நின்றுபோனது. "அங்க" என்போம், அல்லது "பெரியவர்" என்போம். பெண் பார்க்க வருகிறவர்கள், "பெரியவருக்கு எத்தனை தெரு தள்ளி வீடு?" என்று முதலில் கேட்டார்கள். சூரியன் அதற்குப் பின்னால் உதித்ததால் புதுத் தெருக்களில் காலை வெயில் பச்சையாக விழுந்தது. ஒன்பது மணிவரை எங்கள் முகம், எங்கள் சோறு, தொட்டிலில் கிடக்கிற பிள்ளை எல்லாம் பச்சை. கடைசித் தெருக்காரர்கள் அதைப் பார்க்காமல் இருக்க ஓலையால் உயரமாக வேலி கட்டினார்கள். அது வேலியைவிட உயர்ந்தபோது வேலியை உயர்த்தினார்கள்.

"உசரம் எவ்வளவு இன்னிக்கி?" என்று பிலோமி வீட்டில் கேட்பாள்.

"கேக்காத," என்பான் கனிசியூஸ். ஒருநாள் மட்டும் சொன்னான்: "கடல்னா ஒரு இரைச்சல் வேணும்லா பிள்ள. இது மூச்சைப் பிடிச்சிக்கிட்டு நிக்கிற மாரி நிக்கி. எவ்வளவு நேரந்தான் ஒருத்தர் மூச்சைப் பிடிச்சிக்கிட்டு நிப்பாரு?"

அவளும் அவனும் பழைய கரையில் பழைய வீட்டிலேயே இருந்தார்கள். அவளுடைய அம்மாவும் இரண்டு தம்பிகளும் நில்லாதே தெருவில் வீடு கட்டியிருந்தார்கள்.

செட் வந்தபிறகு முதல் தவக்காலம் வந்தது. சாம்பல் புதன் முதல் நாற்பது நாள் பாட்டு, மேளம், கல்யாணம் எதுவும் கிடையாது என்று பங்குச்சாமி பூசையில் சொன்னார், எப்போதும் சொல்வதுதான், நாங்களும் சரி என்றோம். ஆறாம் நாள் ஓலை வேலி நனைந்திருந்தது. ஒன்பதாம் நாள் வேலியைக் காணோம். பன்னிரண்டாம் நாள் கடைசித் தெருவின் கடைசி வீட்டுக்காரி ஆட்டுக்குத் தழை போடக் கொல்லைக்குப் போனவள், ஆட்டுக்கொட்டில் இருந்த இடத்தில் பச்சையாக அது நிற்பதையும், கட்டுக்கயிறோடு ஆடு உள்ளே மெல்லத் திரும்பிக்கொண்டிருப்பதையும் பார்த்து, வந்து பொத்தென்று வாசலில் உட்கார்ந்தாள். ஒரு நாளைக்கு ஒரு தப்படி. நிதானமாக, சத்தமில்லாமல், யாரையும் பயமுறுத்த விரும்பாததுபோல அது வந்துகொண்டிருந்தது.

பாட்டு வைக்கலாமா என்று கேட்டோம், பங்குச்சாமி மனம் இறங்கவில்லை. செபம் சொல்வோம் என்றார். சிலுவையைத் தூக்கிக்கொண்டு போய் அதன் முன்னால் முழங்காலில் நின்றோம். மறுநாள் அந்த முழங்கால் தடங்களைக் காணவில்லை. பெரிய வெள்ளி வந்தது. கோயில் மணிகூட வாய்கட்டிக் கிடக்கும் நாள், மரக்கட்டையைத் தட்டித்தான் ஆளைக் கூப்பிடுவோம். அன்று மூன்று மணிக்கு, ஆண்டவர் உயிர்விட்ட நேரத்தில், பங்குச்சாமி கறுப்பு அங்கியோடு லீனஸ் வீட்டு வாசலில் வந்து நின்றார். அழுதுகொண்டிருந்தார்.

"வாசிப்பா," என்றார். "பாவம் என்மேல இருக்கட்டும். வாசி."

அன்றைக்கு வாசித்த வாசிப்பை எங்களில் யாரும் கைதட்டிக் கேட்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு கேட்டோம். அது பின்வாங்கியது. ஆனால் போன தடவை நின்ற இடம்வரை போகவில்லை.

அதிலிருந்து தினமும் நாலு மணிக்கு வாசிப்பு. ஞாயிறு, திங்கள் என்ற கணக்கு போனது. கோயில் மைதானத்திலிருந்து சத்தம் எட்டவில்லை என்பதால் மேடையை நில்லாதே தெருவின் முனைக்கே கொண்டுபோய்ப் போட்டோம். அங்கிருந்து பெரியவருக்கு முப்பது தப்படி. வெளியூர் ஜனம் வருவது நின்றது. இளவட்டங்கள் கோட்டைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார்கள். நாலு மணி ஆனால் உலையை இறக்கிவிட்டு, கதவைத் திறந்துவைத்து, பாட்டு தொடங்குகிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டு நிற்போம். தொடங்கினதும் மூச்சு விடுவோம். எத்தனை பாய்ந்து வாசித்தாலும் இப்போது அது போவதில்லை. நின்றது, அவ்வளவுதான். நின்றுகொண்டே வளர்ந்தது.

பெர்க்மான்ஸ் தபால் இலாகாவுக்கு எழுதிப்போட்டு மாற்றல் வாங்கினார். ஒரு புதன்கிழமை காலை பெண்டாட்டியோடும் ஒரு பெட்டியோடும் ஏழு மணி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார். நாங்கள் பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றோம். அடிக்கவில்லை, திட்டவில்லை. ரொசாரியோ தலைவர் ரோஜாப்பூ மாலை ஒன்றைக் கையில் வைத்திருந்தார். அதை அவர் கழுத்தில் போட்டு, பெட்டியை நாங்களே சுமந்து, வேட்டுப் போட்டு, ஊர்வலமாக வீட்டுக்குக் கூட்டிவந்தோம். பெர்க்மான்ஸ் வழி முழுக்கக் கண்ணை மூடியிருந்தார். அவர் பெண்டாட்டி மட்டும் எங்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். அந்தப் பார்வையை நாங்கள் இன்னும் மறக்கவில்லை. அன்றைக்கு மறந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டோம்.

அந்த ஐப்பசியில் பிலோமி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தது. கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து. கோயிலில் நன்றிப் பூசை வைத்தோம். வைத்துக்கொண்டே விரலை மடக்கி மாதம் எண்ணினோம். வேறு ஆளை மேளத்துக்குப் பழக்கலாம் என்று சப்பர ஊர்வலத்தில் அடிக்கிறவர்களில் மூன்று பேரை ஒருவர் பின் ஒருவராக உட்காரவைத்துப் பார்த்தோம். மூன்றாமவர் அடித்துக்கொண்டிருக்கும்போதே அது எட்டுத் தப்படி வந்துவிட்டது. பிலோமி ஓடிப்போய் அவரைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். செட்டில் ஒருவர் மாறினாலும் அது பாட்டுக்குக் கட்டுப்படாது என்று தெரிந்தது.

எட்டாம் மாதம். பிலோமி மணிக்கட்டு வீங்கிக் குச்சி பிடிக்க முடியாமல் துணியால் சேர்த்துக் கட்டிக்கொண்டு அடித்தாள். அவள் அடிக்கிற அடிக்கு உள்ளே பிள்ளை திரும்பியது. நிறுத்தினால் பிள்ளையும் நின்றது. அது அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. ஒருநாள் வாசிப்பு முடிந்து, மேடையிலிருந்து இறங்காமல், அங்கேயே நின்று எங்களைப் பார்த்துப் பேசினாள்.

"இன்னும் மூணு வாரத்துல நான் படுத்துருவேன். வலி வந்துட்டா யாரு அடிப்பா? பேறுகாலத்துக்குப் பெரியவரு லீவு தருவாரா?"

ரொசாரியோ தலைவர் எழுந்தார். "தாயி, மேடைலயே பாயைப் போட்டுருவோம். மருத்துவச்சி பக்கத்துலயே இருப்பா. ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம்…"

அவர் சொல்லி முடிக்கவில்லை. கூட்டத்திலிருந்த பெண்கள் எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நேரத்தில்தான், அவர் வாயில் அதைக் கேட்டபோதுதான், நாங்கள் என்ன ஆகிப்போனோம் என்பது எங்களுக்கே தெரிந்தது.

"வீட்டைப் பிரிங்க," என்றாள் பிலோமி. "ஓட்டை எடுங்க, கதவை எடுங்க, தூக்க முடிஞ்சதெல்லாம் தூக்குங்க. சனிக்கிழமை விடியக்காலம் உக்காருதேன். நீங்க எல்லாரும் பழைய கரைக்குப் போற வரைக்கும் அடிக்கேன். அதுக்கப்புறம் ஒரு அடி அடிக்க மாட்டேன். எங்கம்மா வீடுதான் பெரியவருக்குப் பக்கத்துல. அதுலருந்து தொடங்குங்க."

லீனஸ் அவள் பக்கத்தில் வந்து நின்றான். இந்த ஒரு வருஷத்தில் மெலிந்து, அந்தக் கச்சிதமான கோட்டு அவன்மேல் தொளதொளவென்று கிடந்தது. "எக்கா சொல்லுததுதான் எனக்கும்," என்றான். பெர்க்மான்ஸ் கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

சனிக்கிழமை பச்சை வெளிச்சம் விழுந்ததும் தொடங்கினார்கள். அதுவரை அப்படியொரு வாசிப்பு கழிமுனையில் நடந்ததில்லை. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே மூச்சு விட இடமில்லை. ஒன்று முடியும் முன்பே அடுத்தது. அவர்களுக்கு முன்னால் தென்னை உயரத்துக்கு அது நின்றது, அதற்குள் ஆயிரக்கணக்கில் மீன் வந்து முகத்தை இந்தப் பக்கம் வைத்து அசையாமல் நின்றன. அவர்களுக்குப் பின்னால் நாங்கள் அறுபத்திரண்டு வீட்டைப் பிரித்தோம். ஓட்டைக் கைமாற்றிக் கைமாற்றிக் கடத்தினோம். கதவில் கிழவர்களைப் படுக்கவைத்துத் தூக்கினோம். தொட்டில், அம்மி, மாதா படம், கோழிக்கூடு, எல்லாம் போயிற்று. ரொசாரியோ தலைவர் தன் மாடிவீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வரமாட்டேன் என்றார். அவர் மருமகள்கள் நாற்காலியோடு அவரைத் தூக்கிவந்தார்கள்.

மதியம் தாண்டி ஊர் முழுக்கக் கரையேறியது. பாக்கி இருந்தது செட்டு மட்டும். அதற்கு முந்தின நாளே வழி செய்திருந்தோம். பெரிய பாரவண்டி ஒன்றில் பலகை அடித்து, ஜெனரேட்டரும் ஸ்பீக்கர் பெட்டியும் ஏற்றி, அதையே மேடையாக்கியிருந்தோம். மாடுகள் அந்தப் பக்கம் வர மறுத்ததால் கனிசியூஸும் பிலோமியின் தம்பிகளும் நாங்கள் முப்பது பேரும் கயிறு கட்டி இழுத்தோம். மூன்று பேரும் அதன் பக்கம் முகம் காட்டி வாசித்துக்கொண்டிருக்க, வண்டி பின்னால் நகர நகர, அதுவும் அவர்களுக்கு முன்னால் அதே முப்பது தப்படி தூரத்தில் வந்தது. நில்லாதே தெரு போயிற்று. ஏழு கண்ணாடித் தெரு போயிற்று. சுவரும் கூரையும் அதற்குள் போய் ஓசையில்லாமல் பச்சையாகின.

பிரேக் இல்லாத் தெருவில், யாரோ முன்பு புது வீட்டுக்கு வானம் தோண்டிப்போட்ட பள்ளத்தில் வண்டிச் சக்கரம் இறங்கியது. இழுத்தோம். வரவில்லை. பிலோமிக்கு முகம் வெளுத்து வியர்வை ஓடியது. கை மட்டும் தவறவில்லை.

"நான் இறங்குதேன், பாரம் குறையும்!" என்று கத்தினான் லீனஸ். கிதார் வயரை இழுத்துக்கொண்டு வண்டியிலிருந்து குதித்து, அதற்கும் எங்களுக்கும் நடுவே போய் நின்று வாசித்தான். நாங்கள் தோளைக் கொடுத்துத் தூக்கினோம். சக்கரம் பள்ளத்தைவிட்டு வெளியே வந்தது, வந்த வேகத்தில் வண்டி பத்துப் பதினைந்து தப்படி தானாக உருண்டது. வயர் விறைத்தது. பெட்டியிலிருந்து பிடுங்கிக்கொண்டது.

கிதார் சத்தம் நின்றது. அது முன்னால் சாய்ந்தது. அவ்வளவு உயரமும் மெல்ல எங்கள்மேல் கவிவதை அண்ணாந்து பார்த்தோம். மூன்றில் ஒன்று போனால் அது நிற்காது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

லீனஸ் நிறுத்தவில்லை. சத்தமில்லாத கிதாரை அடித்தான். கையைச் சுழற்றினான், எழும்பினான், காலை மடக்கி இறங்கினான், மறுபடி எழும்பினான். சாய்ந்தது நின்றது. நாங்கள் இத்தனை நாள் அது கேட்கிறது என்று நினைத்திருந்தோம். அது பார்த்துக்கொண்டும் இருந்திருக்கிறது.

"லீனஸ், ஓடி வா! திரும்பி ஓடி வாலே!" என்று பிலோமி வண்டியில் நின்றுகொண்டே கத்தினாள். கத்திக்கொண்டே அடித்தாள், அவனுக்குத் தாளம் விட்டுப்போகக் கூடாது என்று. அவன் திரும்பவில்லை. முதுகைக் காட்டினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. ஒரு துள்ளலுக்கு ஒரு அடியாகப் பின்னால் வந்தான். நாங்கள் வண்டியை இழுத்துக்கொண்டு ஓடினோம். கனிசியூஸ் ஒரு தடவை கயிற்றை விட்டுவிட்டு அவனிடம் போகப் பார்த்தான்; வண்டி சாய்ந்தது; பிலோமியைப் பார்த்தான்; கயிற்றை மறுபடி பிடித்தான். பழைய கரை மேட்டில் வண்டி ஏறியபோது லீனஸ் எங்களுக்கு ஐம்பது தப்படி தூரத்தில் இருந்தான். துள்ளல் குறைந்திருந்தது. பிறகு அவன் நின்றான், கழுத்துப்பட்டியைச் சரிசெய்தான், வாசித்து முடித்தவர்கள் செய்வதுபோலக் குனிந்து வணங்கினான்.

அவன் குனிந்தான். கடலும் குனிந்தது.

இரண்டு வருஷமாகக் கேட்காத இரைச்சல் அப்போதுதான் கேட்டது. பழைய வலைக்கம்பு வரிசைவரை வந்து, அதற்குமேல் ஒரு விரல்கூட ஏறாமல், சாதாரண அலையாக விழுந்து திரும்பியது. அந்த நேரத்தில் எங்கள் கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். பயத்தில் தட்டினார்களா, பழக்கத்தில் தட்டினார்களா தெரியாது. யார் என்று இன்றுவரை யாரும் கேட்டதில்லை.

கனிசியூஸ் மூன்று நாள் முங்கித் தேடினான். மூன்றாம் நாள் மேலே வந்து மணலில் கிடந்து, "தெரு அப்படியே இருக்கி. நம்ம சுவரெல்லாம் அப்படியே இருக்கி. அவன் இல்ல," என்றான். லீனஸின் அம்மா யாரோடும் சண்டை போடவில்லை. எங்கள் வீட்டுச் சாவுக்கும் கல்யாணத்துக்கும் வருவதை மட்டும் விட்டுவிட்டாள். பெர்க்மான்ஸ் ஏழு மணி பஸ்ஸில் போனார். யாரும் முன்னால் போய் நிற்கவில்லை. பத்தொன்பதாம் நாள் பிலோமிக்குப் பெண்பிள்ளை பிறந்தது. ஊர் பழையபடி சேலையைக் கட்டித் திரை போட்டது. விறகு பிளக்கும்போதுகூட, இரண்டு அடி ஒரே தாளத்தில் விழுந்துவிடக் கூடாதே என்று, ஒரு அடி அடித்துவிட்டுக் கொஞ்சம் நின்று அடுத்த அடி அடிக்கப் பழகினோம்.

பிள்ளைக்கு ஆறு மாதம் ஆனபோது தெற்கேயிருந்து மூன்று பேர் வந்தார்கள். வெள்ளை வேட்டி, தாம்பாளத்தில் பழம், வெற்றிலை. அவர்கள் ஊரிலும் இடம் கிடையாதாம், இருநூறு குடும்பமாம். வேறு கிதார்க்காரனைத் தேடிக்கொள்கிறோம், மேளத்துக்கு நீங்கள் வந்தால் போதும் என்றார்கள். வேறு ஆள் வந்தால் நடக்காது என்று நாங்கள் சொன்னாலும், முயன்று பார்க்கலாமே என்றார்கள். பிலோமி அவர்களைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பிள்ளையை மடியில் போட்டு உட்கார்ந்து, முதல் நாளிலிருந்து லீனஸ் குனிந்து வணங்கின நாள்வரை ஒன்று விடாமல் சொன்னாள். ஆட்டைச் சொன்னாள், பெர்க்மான்ஸைச் சொன்னாள், மேடையில் பாய் போடுவோம் என்று தலைவர் சொன்னதையும் சொன்னாள். நாங்கள் சுற்றி நின்று தலையைக் குனிந்து கேட்டோம். வந்தவர்களும் குனிந்துதான் கேட்டார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவள் முடித்ததும் அவர்களில் மூத்தவர் தொண்டையைச் செருமினார்.

"எல்லாம் சரி தாயி. ஒரு வாசிப்புக்கு எத்தனை தப்படி போகும்?"

பிலோமி பிள்ளையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அந்தப் பெரிய மனுஷனை ஒரு வார்த்தை கடிந்து பேச எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை, ஏனென்றால் அவர் கேட்ட அதே கணத்தில் எங்களில் பாதிப்பேர் கடலைத் திரும்பிப் பார்த்து, கடலுக்குள் போன எங்கள் வாசல்படி எவ்வளவு தூரத்தில் கிடக்கும் என்று கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தோம்.